கல்பூதத்தின் வாயை அடைத்த கதை

வோப்ரே ஊரில் மழை பிடித்தால் மீன்காரி மெலனி கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "சாமி பிரசங்கத்த ஆரம்பிச்சிட்டாரு, ஓடுங்கடி!" என்று கத்துவாள். சந்தையே சிரிக்கும். மாதாகோயில் கூரை விளிம்பில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் கல்பூதம் வாயைப் பிளந்து கூரைத் தண்ணீரைச் சந்தைத் தரையில் கொட்டும். தொங்கின கன்னம், உருண்டை மூக்கு, முட்டைக்கண் எல்லாம் அச்சு அசல் பங்குச் சாமியார் ஒனேசிம். அவர் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கு முன்பே செதுக்கிய பூதம் அது, ஆகவே சிற்பியைக் குறை சொல்ல வழியில்லை. முகம் மட்டும் ஒத்துப்போயிருந்தால்கூடப் போகிறதென்று விடலாம். இரண்டுமே ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது.

இந்தக் கேலியைக் கேட்கும்போதெல்லாம் ஒனேசிமுக்கு எரிச்சல் வரும். இந்த முறை எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. வரும் ஞாயிறு பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்னும் சடங்கை நடத்த, பங்குச் சாமியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான ஆயர் வருகிறார். ஆயரின் பேராலயத்தில் பிரசங்கியார் பதவி காலியாக இருக்கிறது. வாழ்நாளெல்லாம் இந்த மீன்நாற்ற ஊரில் கிடந்தவருக்கு இதைவிட்டால் வெளியேற வேறு வழியில்லை. அன்று மழை பெய்து, மெலனி கத்தி, அது ஆயர் காதில் விழுந்துவிட்டால்?

கொத்தனார் பசீலைக் கூப்பிட்டு, பூதத்தின் வாயைக் காரை வைத்து அடைக்கச் சொன்னார்.

"அடைச்சிரலாம் சாமி," என்றான் பசீல். கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வேலை முடிந்ததும் ஒரு குவளை ஆப்பிள் மது கிடைத்தால் அவனுக்குப் போதும்.

கேட்டவள் சமையற்காரி யூலாலிதான். "அப்போ மேல விழுற தண்ணி எங்க போகும்?"

"பூதத்தை எதுக்கு வச்சிருக்காங்கன்னு பிரசங்கத்துல சொன்னேனே, கேக்கலையா? பேய்களை மிரட்டி விரட்ட. மிரட்டுறதுக்கு முகம் போதும்."

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன் சாமி."

"எப்ப முழிச்சிருந்த நீ!"

பசீல் ஏணி போட்டு ஏறினான். காரையைத் தாராளமாகவே அப்பினான். வாய் மூடிய பூதம் பல்வலிக்காரன் மாதிரி தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவேயில்லை. பூதம் ஒரு சொட்டுக்கூடத் துப்பவில்லை. மறுநாள் சந்தையில் மெலனி அண்ணாந்து பார்த்து, "சாமிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல," என்று முணுமுணுத்துவிட்டு விலை கூவப் போய்விட்டாள். சன்னலில் நின்று அதைக் கேட்ட ஒனேசிம் அன்று இரண்டு வாத்துத் தொடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. ஆயர் முன்வரிசை நாற்காலியில் வீற்றிருந்தார். ஒனேசிம் மேடையேறி, பொறுமை என்னும் புண்ணியத்தைப் பற்றித் தொடங்கினார். பைபிளில் வரும் யோபுவிலிருந்து ஆரம்பித்து மெல்ல நகர்ந்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஆயரின் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. அவர் ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று ஒனேசிமுக்குப் பூரிப்பு. குரலை உயர்த்தி, "வானத்தை நோக்குங்கள்!" என்றார்.

எல்லோரும் நோக்கினார்கள். மூன்று நாளாகக் கூரைக் கால்வாயில் தேங்கிய தண்ணீர் கல்லிடுக்கில் வழி கண்டுபிடித்து, நேரே ஒனேசிமின் உச்சந்தலையில் இறங்கியது. முதலில் ஒரு கோடாக, அப்புறம் குடம் குடமாக. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தண்ணீர். ஒனேசிம் விடவில்லை. நனைந்த தாள்களைப் புரட்டி, "இரண்டாவதாக..." என்றார்.

பின்வரிசையிலிருந்து மெலனியின் குரல் வந்தது. "ஐயோ, இப்ப உள்ளேயே ஆரம்பிச்சிட்டாரு!"

கோயில் கொல்லென்று சிரித்தது. ஆயர் விழித்துக்கொண்டார்.

பூசையை எப்படியோ முடித்து எல்லோரும் வாசல் மண்டபத்தில் ஒதுங்கி நின்றார்கள். பசீல் மழையிலேயே ஏறிக் காரையைக் கொத்தி எடுத்தான். அடைபட்டிருந்த தண்ணீர் பீறிட்டுச் சுவரைத் தொடாமல் தூரப் போய் விழுந்தது. வண்டி வரக் காத்திருந்த ஆயர் பூதத்தைப் பார்த்தார். பிறகு, மூக்கு நுனியில் சொட்டோடு நின்ற ஒனேசிமைப் பார்த்தார். மறுபடியும் பூதத்தைப் பார்த்தார்.

"இதை அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் ஆண்டவரே."

"ரெண்டுல ஒரு வாயை அடைச்சே ஆகணும்னா, வேலை செய்யிற வாயை ஏன் சாமி அடைச்சீங்க?"

பேராலயம் கைவிட்டுப் போனது ஒனேசிமுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சொல்வதற்கு விளக்கம் இருந்தது, நீண்ட விளக்கம். அவர் வாயைத் திறந்தார்.

வாசலில் வைத்திருந்த கூடையை மெலனி தலைக்குமேல் தூக்கினாள்.