தாய்மாமன் இறங்கிய வளவு

குலசிங்கம் ஹெலிகொப்டரில் வந்திறங்கித் தங்கை மகளின் தலைக்குத் தண்ணீர் வார்த்தபோது கட்டைபறிச்சான் வளவில் இருந்தவர்கள் இவர்கள்: பெண்ணின் தாய் நல்லம்மா, தகப்பன் ஆனந்தராசா, ஆனந்தராசாவின் தமக்கை கமலேஸ்வரி, செய்தி கொண்டுவந்து, அது பலிக்கிறதா என்று பார்க்கத் தங்கிவிட்ட மூதூர்ப் பாய் வியாபாரி ஆமினா உம்மா, தண்ணீர் வார்க்கப்பட்ட பெண் தவமலர். இந்த ஐவரையும் குலசிங்கத்தையும் தவிர வேறு எவரும் அந்த வளவில் இருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவைப்பது அவசியம். அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் பலர்.

ஹெலிகொப்டர் குலசிங்கத்துக்குக் கிடைத்தது இந்தியப் படை திரும்பிப் போன வருடம். பாலையூற்றில் அவருடைய வீட்டுக்குப் பின்னால், மரவள்ளி நட்டிருந்த துண்டில், ஒரு விடிகாலை அது நின்றது. இரண்டு பேருக்கு இருக்க இடம். இலக்கமோ கொடியோ இல்லை, கதவும் இல்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த இந்தியர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்களுடையது அல்ல என்றார்கள். இயக்கத்துப் பொடியன்கள் ஒரு பின்னேரம் வந்து அதைச் சுற்றி நடந்துவிட்டுத் தங்களுடையதும் அல்ல என்றார்கள். பிறகு வந்த இராணுவமும் அதையே சொன்னது. எல்லாத் தரப்பும் தன்னுடையது அல்ல என்று ஒத்துக்கொண்ட பொருள் அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான். அதனால் அது காணிச் சொந்தக்காரருக்குச் சேர்ந்தது. குலசிங்கம் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதி எழுதுவினைஞர். அதற்கு மேலே ஒரு ஓலைக் கொட்டில் போட்டார். மரவள்ளியை மற்றப் பக்கத்தில் நட்டார்.

அதில் எண்ணெய்த் தாங்கி இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நிற்கவேண்டிய நாட்களில் அதைப் பற்றி எவரும் குறைப்படவில்லை. முதன்முதலாக அது எழும்பியது ஒரு வெள்ளிக்கிழமை. வேலையால் வந்த குலசிங்கம், கோயிலுக்குப் போக உடுத்த வேட்டியுடன் அதில் ஏறி இருந்து கைபிடியைத் தொட்டார். அது முழங்கால் உயரம் எழும்பி, யோசித்து, இறங்கியது. அடுத்த நாள் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. காற்று, வெயில், இருந்த இருக்கை என்று அவர் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். காரணத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி அன்னலட்சுமி. அவர் தின்றது எல்லாம் அவளுக்குத்தானே தெரியும்.

“நேற்று விரதம். இண்டைக்குச் சூடை மீன் திண்டனீங்கள்,” என்றாள்.

அதன் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழகினார். பக்கத்து மேசையில் வேலை செய்த கிண்ணியா ஸெய்னுதீன் நோன்பு மாதத்தில் ஒருநாள் ஏறிப் பார்த்தார். அது ஒரு சாண் எழும்பி இருந்துவிட்டது. “நோன்பு பிடிச்சதுக்கு ஒரு சாண் தந்திருக்கு. விடியச் சஹருக்குத் திண்ட இறைச்சியை மன்னிக்கல்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு அவர் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் குலசிங்கத்தின் பெட்டியில் என்ன சாப்பாடு என்று மதியம் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சைக்கிள் பழகுவதைப் போலத்தான் அவர் அதைப் பழகினார். முதல் வருடம் வேலி உயரம். இரண்டாம் வருடம் குசினிப் புகைபோக்கி உயரம். வாழைகளை இரண்டு முறை முறித்தார். அயல் வளவில் காயப்போட்ட சேலைகளைப் பறக்கவிட்டுத் தானே தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். வாரநாட்களில் கச்சேரி, மாலையில் மரக்கறித் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்றுவதும் கிணறு இறைப்பதும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மாத்திரம் மேலே. ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு, சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள் என்று பதில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் காரணம் கேட்டு வற்புறுத்தும் வழக்கம் இல்லை.

ஆனால் சத்தம் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் அந்த வருடங்களில் தாய்மார் அடுப்பை அணைக்காமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். பாலையூற்று முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் குழிக்குள் இருப்பது குலசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே ஏறுவதற்கு முன் கற்பூரம் கொளுத்தி, படிக்கல்லில் ஒரு தேங்காய் உடைப்பதை அவர் வழக்கமாக்கினார். எங்கள் குடும்பத்து ஆண்கள் தேங்காயை ஒரே அடியில் இரண்டாக உடைப்பார்கள். சத்தம் தட்டையாக, ஒருமுறை மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வருவது குலசிங்கத்தாருடைய ஹெலிகொப்டர் என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. தேங்காய்ச் சத்தம் கேட்டால் தாய்மார் உலையைப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் பிள்ளைகளைத் தூக்குவார்கள்.

சோதனைச்சாவடியில் இருந்த அதிகாரி ஒருநாள் வந்து, எதற்காக என்று விசாரித்தான். பொழுதுபோக்கு என்று குலசிங்கம் சொன்னார். அதிகாரி வெகுநேரம் யோசித்துவிட்டு இரண்டு கட்டளை போட்டான். தென்னை வட்டுக்கு மேலே போகக் கூடாது. கடலுக்கு மேலே போகவே கூடாது, போனால் சுடுவார்கள். குலசிங்கம் சரி என்றார். கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. அவரும் ஒரே ஒரு முறைதான் மீறினார்.

கடலுக்கு அந்தப் பக்கம், கொட்டியாரக் குடாவைத் தாண்டி, கட்டைபறிச்சானில் அவருடைய ஒரே தங்கை நல்லம்மா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர் பழகத் தொடங்கிச் சில வருடங்களின் பின், ஒரு தை மாதம் அவளுடைய மகள் தவமலர் பெரியபிள்ளையானாள். தாய்மாமன் வந்து தேங்காய் உடைத்து, பாலும் அறுகும் வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்தால்தான் பெண்ணை அறையை விட்டு வெளியே எடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் தாய்மாமன் அல்லாத கை தண்ணீர் வார்த்ததில்லை. கொலரா வந்த வருடத்திலும் இல்லை, ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட வருடத்திலும் இல்லை. ஆனால் அந்த மாதம் பாதை மூடப்பட்டிருந்தது. மூதூர் போகும் லோஞ்சுப் படகில் மூதூர் விலாசம் உள்ளவர்களை மட்டுமே ஏற்றினார்கள். தவமலர் ஒரு துண்டு இரும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தாள். தீட்டுக்காரி மற்றவர்களுடன் ஒரே குழிக்குள் இருக்கக் கூடாது என்று கமலேஸ்வரி சொன்னபடியால், ஆனந்தராசா அவளுக்கென்று வேலியோரத்தில் வேறாக ஒரு சிறிய பதுங்குகுழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டார். இராணுவ ஹெலிகொப்டர் வரும் நாட்களில் பிள்ளை அதற்குள் தனியே இருந்தாள்.

வாரங்கள் போயின. கமலேஸ்வரி வாயை அடக்குகிறவள் அல்ல.

“உன்ரை கொண்ணர் அக்கரையில நிண்டு கடலைப் பாத்துக்கொண்டிருப்பார். பிள்ளை அறைக்குள்ளயே கிழவியாகட்டுமோ? எங்கட பக்கத்தில ஆம்பிளையள் இல்லையோ தண்ணி வாக்க?”

பாய் விற்க நகரத்துக்குப் போகும் ஆமினா உம்மாவிடம் நல்லம்மா செய்தி சொல்லி அனுப்பினாள். ஆமினா உம்மா பாலையூற்றுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னா. குலசிங்கம் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். “வாற வெள்ளி, ராகு காலத்துக்கு முன்னம் வருவன் எண்டு சொல்லுங்கோ,” என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் செய்தி கொண்டுபோகிறவளுக்கு ஆபத்து.

“வாறாராமோ? எப்பிடி, நடந்தோ?” என்று கட்டைபறிச்சானில் கமலேஸ்வரி கேட்டாள்.

“அது எனக்குத் தெரியா மனே. வாறன் எண்டுதான் சொன்னாரு. சொன்ன மொகத்தப் பாத்தா வருவாரு போலதான் கிடந்திச்சு,” என்று சொல்லி ஆமினா உம்மா பாயொன்றை விரித்து இருந்துவிட்டா.

வெள்ளிக்கிழமை காலை குலசிங்கம் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு முழுகினார். அன்னலட்சுமி மாமன் வீட்டுச் சாமான்களை ஒரு பன்பையில் கட்டினாள்: மூன்று தேங்காய், கூறைநிறப் பட்டுப் பாவாடை, பச்சையரிசி, உளுந்து, நல்லெண்ணெய், பெண் பச்சையாகக் குடிப்பதற்கு முட்டை. அவர் படிக்கல்லில் தேங்காய் உடைத்து ஏறினார். அது எழும்பவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் முதல்நாள் தின்றதை எல்லாம் நினைத்துப் பார்த்தார். கத்தரிக்காயையும் பருப்பையும் தவிர ஒன்றும் இல்லை. அன்னலட்சுமி கிட்டப் போய், பையை அவிழ்த்து, முட்டைகளை மடியில் எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். ஹெலிகொப்டர் எழும்பியது. தென்னை வட்டைத் தாண்டியபோது அவர் கீழே பார்க்கவில்லை. அவள் முட்டைகளை மடியில் பிடித்தபடி, சத்தம் கடலுக்குள் போய் மறையும்வரை நின்றாள்.

குடாவின் நடுவில் கடற்படைப் படகொன்று சுட்டது. குலசிங்கம் பழகிய ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் போனார். வேறு எதுவும் அவர் படித்திருக்கவில்லை. சன்னங்கள் முன்னாலும் பின்னாலும் போயின. ஒன்று மட்டும் பன்பைக்குள் புகுந்து அரிசிக்குள் நின்றுவிட்டது. நல்லம்மா பின்னேரம் அரிசி களையும்போது அதைக் கல்லென்று நினைத்து எடுத்து எறிந்தாள். பிறகு தேடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அவர் விட்ட பிழை ஒன்றே ஒன்று. தேங்காய் உடைத்துவிட்டேன், ஆட்களுக்குத் தெரியும் என்ற நினைப்பிலேயே அவர் கடலைக் கடந்தார். பாலையூற்றில் உடைத்த தேங்காய் கட்டைபறிச்சானுக்குக் கேட்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் ஆட்கள் தன்னைக் கண்டு ஒளிப்பதை அவர் மறந்துபோயிருந்தார். அவர் வளவில் இறங்கியபோது கிராமம் முழுவதும் மண்ணுக்குக் கீழே இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குடத்தில் மஞ்சள் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு மனிதக் குரல் இல்லை.

“நல்லம்மா,” என்று கூப்பிட்டார். “பிள்ளை, நான் அண்ணன் வந்திருக்கிறன்.”

குழிக்குள் கமலேஸ்வரி தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “போகாதை. ஆமிக்காரங்களும் தமிழ்க் கதை கதைப்பாங்கள். பேரும் ஆரிட்டையும் கேட்டிருப்பாங்கள்.” ஆனந்தராசா வேலியோரத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய பிள்ளை தனியே இருந்தாள். வந்திறங்கியவனுக்கும் அவளுக்கும் இடையில் கிணற்றடி மட்டுந்தான் இருந்தது. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவரை ஆமினா உம்மா இடுப்புச் சாரத்தில் பிடித்து இருத்திவைத்தா.

குலசிங்கம் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. சூரியனைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கியிருந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாமன் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். அவர் பையிலிருந்து தேங்காயை எடுத்து, கிணற்றடிக் கல்லில் உடைத்தார். ஒரே அடி. தட்டையான சத்தம்.

குழிக்குள் நல்லம்மா கையை உதறினாள்.

“விடுங்கோ மச்சாள். ஆமிக்காரன் வந்து என்ரை கிணத்தடியில தேங்காய் உடைப்பானோ? அது என்ரை அண்ணர்.”

தலைமயிரில் மண்ணுடன் அவள் வெளியே வந்தாள். பின்னால் மற்றவர்கள் வந்தார்கள், கடைசியாகக் கத்தியுடன் ஆனந்தராசா. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் கட்டிப்பிடித்து அழும் பழக்கம் இல்லை. “பிள்ளை எங்கை?” என்று மட்டும் அவர் கேட்டார். தவமலரைக் குழியிலிருந்து தூக்கிவிட்டார்கள். வாசலில் நின்ற ஹெலிகொப்டரைப் பார்த்துவிட்டு, அவள் தானாகவே கிணற்றடிக்கு வந்து குந்தினாள். பாலும் அறுகும் வைத்தார். தண்ணீர் வார்த்தார். மஞ்சளும் குழி மண்ணும் சேர்ந்து வழிந்தன. முட்டை எங்கே என்று கமலேஸ்வரி கேட்டாள். முட்டை இருந்தால் ஹெலிகொப்டர் எழும்பாது என்று குலசிங்கம் சொன்னார். அவள் மேலே ஒன்றும் கேட்காமல் தன் கோழிக்கூட்டுக்குப் போய் முட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பற்றி எங்கள் பக்கத்தில் பலதும் சொல்வார்கள், இதையும் சொல்லவேண்டும்.

சாப்பிடச் சொன்னபோது அவர் மீன் தொடவில்லை. பால்புக்கை மட்டும் ஒரு வாய் உண்டார். பின்னேரம் புறப்பட்டுப் போகும்போதும் அயலட்டத்துச் சனம் குழிக்குள்தான் இருந்தது. இருட்டுவதற்கு முன் பாலையூற்றில் இறங்கினார். அதிகாரி காத்திருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு கிழமை கழித்து விட்டார்கள். அவர் அங்கே நடந்ததைப் பற்றி எவரிடமும் கதைத்ததில்லை, ஆனபடியால் இங்கும் அது எழுதப்படாது. ஹெலிகொப்டரை ஏற்ற வந்த லொறி அதை அசைக்க முடியாமல் திரும்பிப் போயிற்று.

அவர் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை வேட்டி மாற்றிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். இருக்கையில் வைக்கோல் பரப்பி, ஒரு பேட்டுக்கோழி அடைவைக்கப்பட்டிருந்தது. கோழிக்குக் கீழே முட்டைகள். குலசிங்கம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்னலட்சுமி தலை நிமிராமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் கோழிக்கு ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். குஞ்சு பொரித்து இறங்கியதும் அவள் வேறு கோழியை வைத்தாள். அதற்குப் பிறகு அந்த இருக்கை முட்டையில்லாமல் இருந்ததே இல்லை.

சில வருடங்களுக்குப் பிறகு தவமலருக்குச் சம்பந்தம் பேசியபோது ஒரு கதை கிளம்பியது. அவள் பெரியபிள்ளையாகி இருந்த நாட்களில் இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று அந்த வளவில் இறங்கி நின்று பின்னேரந்தான் போனது என்றும், கதவை அடைத்துக்கொண்டு வீட்டார் அழுதார்கள் என்றும் சொன்னார்கள். அயல் குழிகளுக்குள் இருந்தவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொன்ன கதை அது. ஒரு சம்பந்தம் அதனால் நின்றது. இரண்டாவது சம்பந்தக்காரர் விசாரிக்க வந்தபோது ஆமினா உம்மா மூதூரிலிருந்து வந்து, அந்தக் கிணற்றடிக் கல்லில் கை வைத்து, கண்டதைச் சொன்னா. கல்யாணம் நடந்தது. தாலிக்கொடிக்குப் பக்கத்தில் தவமலர் ஒரு சிறிய சன்னத்தை நூலில் கோத்துப் போட்டிருக்கிறாள். கேட்பவர்களுக்கு அரிசியில் கிடந்தது என்று சொல்வாள்.

அந்தக் கதை இன்றும் சில இடங்களில் உலவுகிறது. அது பொய். அன்று அந்த வளவில் இராணுவம் இறங்கவில்லை. இறங்கியவர் தாய்மாமன் குலசிங்கம். அவர் வந்தது தண்ணீர் வார்க்க. வார்த்துவிட்டுப் போனார்.