முட்டியும் முழங்கையும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பல் கட்டுபவன். கரீபியக் கடலோர ஊரான பராஓனாவில் சந்தைக்குப் பின்புறம் என் பட்டறை. ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான நண்டுகளுக்கு ஸ்கோர் எழுதுவேன். மைதானத்துக்கு மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்து, எது நல்ல அடி, எது யாருடைய தவறு என்று தீர்ப்பெழுதி, பாதி ஊரின் வசவை வாங்கிக் கட்டிக்கொள்கிற உத்தியோகம்.

போன மாதம் எங்கள் கேட்சர் எலிகியோவின் மனைவி யுனெய்ரி கீழ்ப்பல்லுக்கு அளவு கொடுக்க வந்தாள். வாய் நிறைய அச்சு மாவை அப்பி, "அசையாதே, அஞ்சு நிமிஷம்" என்றேன். ஐந்து நிமிடம் பதில் பேச முடியாத ஆள் கிடைத்தால் எந்தக் கதைசொல்லி சும்மா இருப்பான்? நண்டுகளின் போன சீசன் எப்படிக் கவிழ்ந்தது என்று அவளுக்கே விளக்கினேன். அவள் கண்ணை உருட்டினாள். ரசிக்கிறாள் என்று நினைத்துக் கூடக் கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.

மாவை எடுத்ததும் துப்பினாள்.

"எல்லாம் தப்பு. எம் புருசன் அவ்வளவு நல்லவன் எல்லாம் இல்ல. ஒழுங்கா எழுது."

எழுதுகிறேன். அவள் பல் இன்னும் தயாராகவில்லை.

2

முதல் தொடக்கம்: "டிசம்பர் மாலையின் பொன்னொளியில் கரீபியக் கடல் மெல்ல—"

வேண்டாம். மைதானத்திலிருந்து கடல் தெரியாது. தெரிவது சர்க்கரை ஆலையின் புகைபோக்கி.

இரண்டாவது தொடக்கம்: "எலிகியோ குவேவாஸ் ஒரு மாவீரன். அவன்—"

இதுவும் வேண்டாம். போன சீசனுக்கு முன் பதினோரு வருடத்தில் அவன் களத்தில் இறங்கியது மொத்தம் பத்தொன்பது இன்னிங்ஸ். என் நோட்டிலேயே இருக்கிறது.

மூன்றாவது: "முதலில் கட்டைவிரல் போயிற்று."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதலில் கட்டைவிரல் போயிற்று. எங்கள் முதல் கேட்சரின் கட்டைவிரல். (கேட்சர் என்பவன் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவன். மலம் கழிக்கக் குந்துவதைப் போலத்தான். ஆனால் மூன்று மணி நேரம், ஆறாயிரம் பேர் பார்க்க.) மட்டையின் விளிம்பில் பட்ட பந்து பின்னால் வந்து விரலை இரண்டாக ஒடித்தது. அடுத்த வாரம் ஒரு பிட்சர் தும்மியதில் விலா பிடித்துக்கொண்டது. ஒருவன் மாமியார் வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து இடுப்பை முறித்தான். இன்னொருவனை ஆடு முட்டியது. இன்னொருவன் வாழைக்காய் வறுக்கப் போய்க் கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டான்.

(ஆடு என் கற்பனை. எடுத்துவிடுகிறேன். எண்ணெய் நிஜம்.)

பிறகு இரண்டாவது கேட்சர். அவனுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனை ஒப்பந்தம் செய்திருந்த அமெரிக்கக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: பையன் களைத்துவிட்டான், உடனே திருப்பி அனுப்பவும். ஒன்பது ஆட்டத்துக்கு வந்திருந்தான். அதில் நான்கில் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். உட்கார்ந்தே களைக்கும் கலையை அமெரிக்காவில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் போல.

அணியின் நிர்வாகி தோன்யா இராய்தா (தோன்யா என்றால் எங்கள் ஊரில் அம்மணி மாதிரி) தினமும் காலையில் அலுவலகப் பலகையில் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதினாள். வாசலில் பொரித்த மீன் விற்பவன், யார் பெயரும் மனதில் நிற்காததால், ஆட்டக்காரர்களை "ஏய் தாடி", "ஏய் புதுசு" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இப்படித்தான் முப்பத்தெட்டு வயது எலிகியோவின் முறை வந்தது.

3

எலிகியோவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று நாள் யோசித்தேன். மூன்றாவது கேட்சர். பிட்சர்கள் களமிறங்கும் முன் மூலையில் நின்று அவர்கள் கையைச் சூடாக்குவது அவன் வேலை. மீதி நேரம் டோமினோ. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை.

முதல் நாள் அவன் மார்க்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்து வந்தபோது மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "எலிகியோ! கவசம் வயித்துக்கா, வயிறு கவசத்துக்கா?"

எலிகியோ திரும்பி நின்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். "இது உங்கம்மா போட்ட சோறுடா!"

அன்று ஜெயித்தோம். மறுநாளும். அடுத்த பத்து ஆட்டத்தில் ஏழு எங்களுக்கு. ரகசியம் ஒன்றுமில்லை. பதினோரு வருடம் மூலையில் நின்று எல்லாப் பிட்சர்களின் பந்தையும் வாங்கியவன் அவன். எவன் பயந்தால் தோளைத் தூக்குவான், எவன் கோபம் வந்தால் நேராக எறிவான் என்று அவர்களுடைய மனைவிமாரைவிட நன்றாகத் தெரியும். கடைசி இடத்தில் கிடந்த நண்டுகள் நான்காம் இடத்துக்கு ஊர்ந்து வந்தன. நான்காம் இடம் வரை வந்தால் அடுத்த சுற்று உண்டு.

ஆனால் அவன் வலது முட்டி வீங்கிக்கொண்டிருந்தது. உடம்பு பிடித்துவிடும் பிமெந்தெல் இரண்டு முறை ஊசி போட்டு நீரை எடுத்தான். யாரிடமும் சொல்வதில்லை என்று பைபிள் மேல் சத்தியமும் செய்துகொடுத்தான். "வீட்டுல மாடிப்படியில பின்பக்கமா இறங்குவான். நண்டு மாதிரி" என்கிறாள் யுனெய்ரி.

இன்னொருவனுக்கும் தெரியும். அன்செல்மோ, இடது கைப் பிட்சர், வயது முப்பத்தாறு. எலிகியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். டோமினோவில் அசைக்க முடியாத ஜோடி.

அன்செல்மோவுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அவன் பந்து எலிகியோவின் கையுறையில் விழுந்தால் கன்னத்தில் அறைந்த மாதிரிச் சத்தம் வரும். மூன்று வாரமாக வருவதோ பிசைந்த மாவு விழுகிற சத்தம். ஒரு நாள் உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்றவனை எலிகியோ பார்த்தான்.

"என்ன கொம்பாத்ரே, வலது கையால தலை சீவுற?"

"இப்ப அதான் ஸ்டைலு. உன் முட்டி எப்படி?"

"எந்த முட்டி?"

அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு பேரும் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவர்களுக்கு பைபிள் தேவைப்படவில்லை.

4

இந்தப் பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. தோன்யா இராய்தா சொன்னதையும் யுனெய்ரி சொன்னதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பல் செட்டில் எந்தப் பல் யாருடையது என்று கேட்கக் கூடாது.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். மைக்கேல் என்ற வெனிசுவேலாக்காரன், இருபத்துநான்கு வயதுக் கேட்சர், பெட்டியோடு வெளியே காத்திருந்தான். ஒரு பெயர் உள்ளே வந்தால் ஒரு பெயர் வெளியே போக வேண்டும். காயமென்று வெளியே போனவன் அந்த சீசனில் திரும்ப முடியாது. முப்பத்தாறிலும் முப்பத்தெட்டிலும் அடுத்த சீசனுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

தோன்யா இராய்தா எலிகியோ, அன்செல்மோ இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்ன தோன்யா, கேக் வெட்டப் போறீங்களா?" என்றான் அன்செல்மோ.

"வாயை மூடு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு உடம்பு போச்சு. பிமெந்தெல் முழிக்கிற முழியிலயே தெரியுது. யாருக்கு?"

"நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும்தான் தோன்யா," என்றான் எலிகியோ.

"அப்படியா? நீ குந்து."

எலிகியோ குந்தினான். எழுந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல."

அவள் மேசையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அன்செல்மோவிடம் கொடுத்தாள். "நீ அந்தக் காலண்டர்ல எறி."

அன்செல்மோ எறிந்தான். காலண்டருக்கு மூன்று அடி தள்ளியிருந்த காபிக் கூஜா கவிழ்ந்தது.

"நான் குறி வச்சதே கூஜாவுக்குத்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். தோன்யா இராய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, "சிரிச்சாச்சு. இப்ப பேரைச் சொல்லுங்க" என்றாள்.

கூஜாவிலிருந்து காபி தரையில் பரவிக்கொண்டிருந்தது. அது தன் செருப்பு வரை வந்ததை எலிகியோ குனிந்து பார்த்தான். நிமிராமலே சொன்னான்:

"அவனுக்கு முழங்கை போச்சு தோன்யா. மூணு வாரமா."

அன்செல்மோ அவனைப் பார்த்தான். "முகத்தை மட்டும்தான் பாத்தான்," என்றாள் தோன்யா இராய்தா என்னிடம். "ஒரு தடவை முட்டிப் பக்கம் கண்ணு போயிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். போகல."

அன்செல்மோ காகிதத்தை இழுத்து, வலது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனான்.

5

இங்கே நிறுத்துகிறேன்.

யுனெய்ரிக்கு நான் சொன்ன கதையில் எலிகியோ தன் பெயரைத்தான் சொல்வான். உடனே அன்செல்மோ "பொய் தோன்யா, எனக்குத்தான் காயம்" என்று குறுக்கே பாய்வான். இருவரும் தியாகத்துக்கு அடித்துக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். இப்படிப்பட்ட பொய்ப்பல் எந்த வாயிலும் பொருந்தாது.

"காட்டிக்குடுத்தான்," என்றாள் யுனெய்ரி. "வீட்டுக்கு வந்து மூணு நாள் சோறு எறங்கல அவனுக்கு. அவனுக்கே! அதையும் எழுது."

எழுதிவிட்டேன். ஆனால் இதையும் எழுத வேண்டும்: ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், முழங்கைத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னொரு ஆட்டம் எறிந்திருந்தால் கை அவ்வளவுதான் என்றார். அப்படியானால் எலிகியோ நண்பனின் கையைக் காப்பாற்றினானா, தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டானா? ஆசிரியன் என்ற முறையில் நான் தீர்த்துவைக்க வேண்டிய விஷயம். என்னால் முடியவில்லை. நேரே அவனிடமே கேட்டேன்.

"ரெண்டும்தான்யா," என்றான். "எது எவ்வளவுன்னு மாவு வச்சா அளவெடுப்ப?"

கூத்து என்னவென்றால், காப்பாற்றிக்கொண்ட இடமும் அவனுக்கு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து மைக்கேல் குந்தினான். எலிகியோ பழையபடி மூலைக்குப் போனான். இடது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டபடி அன்செல்மோ சாதாரண உடையில் ஆட்டக்காரர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். இருவரும் பேசவில்லை. டோமினோ மேசையில் அரிசி மூட்டை ஏறியது. வேறு ஜோடி உட்காரப் பார்த்தது. யாருக்கும் மனசு வரவில்லை.

6

கடைசி ஆட்டம், ஞாயிறு மதியம், சொந்த மைதானம். ஜெயித்தால் நான்காம் இடம். தோற்றால் மீன் பிடிக்கப் போகலாம்.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்றுக்கு மூன்று. அப்போது ஒரு பந்து மைக்கேலின் நடுவிரலைப் பிளந்தது. சத்தியமாக இது என் கைவேலை இல்லை. நானாகக் கட்டியிருந்தால் திரும்பவும் விரலையா ஒடிப்பேன்? சீசன் முழுக்க விரல்தான் என்றால் வாசகருக்கு அலுத்துவிடாதா?

எலிகியோ இறங்கினான். இந்த முறை வயிற்றைப் பற்றி யாரும் கத்தவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். எதிரணி ஓட்டக்காரன் ஒருவன் மூன்றாம் பேஸில் நிற்கிறான். எலிகியோவின் முன்னால் தரையில் பதித்த வெள்ளைப் பலகையைத் தொட்டுவிட்டால் அவர்களுக்கு ஒரு ரன். எங்கள் பிட்சர் எறிந்த பந்து முன்னாலேயே மண்ணில் குத்தியது. எலிகியோ இரண்டு முட்டியையும் தரையில் போட்டு விழுந்து மார்பால் தடுத்தான். பந்து கவசத்தில் பட்டு எங்கோ தெறித்தது. அவன் எழப் பார்த்தான்; வலது கால் வரவில்லை. பந்து எங்கே என்று தெரியவில்லை. ஓட்டக்காரன் புறப்பட்டுவிட்டான். ஆறாயிரம் பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திசை சொன்னார்கள்.

அதற்கு மேல் ஒரு குரல் என் கூண்டு வரைக்கும் கேட்டது. பெஞ்சிலிருந்து அன்செல்மோ.

"இடது பின்னால! உன் குண்டிக்குப் பின்னால இருக்குடா, மடையா!"

எலிகியோ தலையைத் திருப்பவே இல்லை. கையை மட்டும் இடது பின்னால் போட்டான். பந்து இருந்தது. அதை அள்ளிக்கொண்டு வெள்ளைப் பலகையின் மேல் குப்புற விழுந்தான்.

ஓட்டக்காரனின் கால் அரைச் சாண் முன்னால் வந்துவிட்டது. நான் பார்த்தேன். நடுவரும் பார்த்தார்.

நான்குக்கு மூன்று. எங்கள் கடைசி முறையில் மட்டை பிடித்த மூன்று பேரும் ஏழே பந்தில் வெளியேறினார்கள். சீசன் முடிந்தது, ஐந்தாம் இடம். அந்தப் பந்தை நான் பிட்சரின் தவறு என்று எழுதினேன். எலிகியோவின் தவறு என்று இன்னமும் சிலர் வாதாடுகிறார்கள். என் பட்டறைக்கு வந்து வாதாடலாம். வாயைத் திறந்துகொண்டு வந்தால் போதும், மாவு தயாராக இருக்கிறது.

7

தோல்வியைச் சொல்லும் அவசரத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். திரும்பிப் போவோம்.

அந்த ரன் விழுந்த பிறகு எலிகியோ புழுதியில் கிடந்தான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பிமெந்தெல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவனை முந்திக்கொண்டு அன்செல்மோ போனான். பட்டியலில் பெயர் இல்லாதவன் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று நடுவர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. போனவன் பழக்கத்தில் தொட்டிலிலிருந்து இடது கையை உருவப் பார்த்தான். முகம் சுளித்தான். வலது கையை நீட்டினான். என்னவோ சொன்னான்.

என் கூண்டிலிருந்து உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு அன்செல்மோவைக் கேட்டேன். "'உடம்பைக் குறைடா'ன்னேன்" என்றான். எலிகியோவைக் கேட்டேன். "அவன் எங்க பேசினான், மூச்சு வாங்கினான்" என்றான். பிமெந்தெலைக் கேட்டால் பைபிளை எடுக்கிறான். யுனெய்ரியிடம் கேட்டேன்; அவளிடம் புருசன் சொல்லியிருக்கிறான், பல் பொருந்தினால் சொல்கிறேன் என்கிறாள்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னிப்பு அன்செல்மோவின் வாயில் ஒட்டவில்லை. சாபத்துக்கு அத்தனை தூரம் ஓடிவர வேண்டியதில்லை. மூன்றாவதில் அவனைத் தத்துவம் பேச வைத்தேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே அந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம், உதடு அவ்வளவுதான் அசைந்தது. ஒரு கெட்ட வார்த்தையாவது இருக்கட்டும், ஆளை எனக்குத் தெரியும். நீங்கள் என்ன எழுதினாலும் அதற்கு அடுத்த வரியில் மட்டும் கைவைக்காதீர்கள். அது நடந்தது.

அன்செல்மோ குனிந்து, வலது கையை நீட்டிச் சொன்னான்: "...................."

எலிகியோ சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு பிடித்துக்கொண்டான்.