இனாமாக வந்த ஒரு வருஷம்

இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்ததில் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம், விமானிகளுக்குத் திண்டாட்டம். இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே சீனியாரிட்டி பட்டியலில் அடைத்தார்கள். இந்த ஊரிலிருந்து பறக்க நாற்பத்திரண்டு கேப்டன்கள் போதுமாம். மிஞ்சியவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல். நம் கேப்டன் நாற்பத்து மூன்றாவது ஆள்.

நாற்பத்திரண்டாவது ஆள் இன்னொரு கம்பெனிக்காரர். இருவரும் வேலையில் சேர்ந்தது ஒரே தேதி. அப்படி வந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம் என்பது விதி. அவர் நான்கு மாதம் மூத்தவர், அதுவும் காகிதத்தில் மட்டும். கேப்டனைப் பள்ளியில் சேர்த்தபோது, பிற்காலத்தில் ஒரு வருஷம் கூடுதலாக வேலை பார்க்கட்டும் என்று அப்பா பிறந்த வருஷத்தை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், மகனுக்கு ஒரு வருஷம் இனாமாக வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி மீசையைத் தடவுவார்.

விமானிகள் சங்கச் செயலாளர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை என்கிட்ட சொன்னதோட விட்டுடுங்க. லைசென்ஸ், பாஸ்போர்ட், மெடிக்கல், எல்லாத்துலயும் அந்தத் தேதிதானே? பொய்த் தேதின்னு நீங்களே எழுதிக் கொடுத்தா இந்த ஊர் கிடைக்காது. வேலைதான் போகும்."

வாதம் வந்து அப்பாவுக்குக் கால்கள் விழுந்து நான்கு வருஷம் ஆகிறது. பகலில் அடுத்த தெருவிலிருந்து அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு முதுகுவலி, தூக்க முடியாது. காலையும் மாலையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவது கேப்டன்தான். அதற்காகவே அன்றன்றே திரும்பும் விமானங்களாகக் கேட்டு வாங்கி ஓட்டினார். புது ஊரிலிருந்து மாதத்தில் ஆறு நாள்தான் வர முடியும். அப்பாவை அங்கே கொண்டுபோனால், இவர் பறக்கும்போது யார் இருப்பது? அக்காவால் குடும்பத்தை விட்டு வர முடியாது. தூக்க ஓர் ஆளை வைத்தார்கள். அப்பா அவன் கழுத்தைப் பிடிக்கவே மறுத்துவிட்டார்.

பட்டியலில் இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் கேப்டன் அப்பாவிடம் சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முந்தின மாலை அப்பா வெகுநேரம் விரல்விட்டு எண்ணினார்.

"அறுபத்தஞ்சுல தானே ரிட்டயர்மென்ட்? அப்போ இன்னும் பன்னெண்டு வருஷம் அங்கதானா?"

"ஆமாப்பா."

"நான் சும்மா இருந்திருந்தா பதினொண்ணுல வந்திருப்பியேடா. ஒரு வருஷம் என்னால போச்சே."

எண்பத்திரண்டு வயது மனிதர் வாய்விட்டு அழுதார். அந்த ஒரு வருஷத்துக்கே இப்படி அழுகிறவரிடம், மிச்சப் பதினொன்றுக்கும் அதே பொய்த் தேதிதான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது? கேப்டன் குனிந்து, அப்பாவின் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வருஷம்தானேப்பா, விடுங்க. கெட்டியா பிடிச்சுக்கோங்க, தூக்கறேன்."