பிள்ளையார் கல்லும் ஓணானும்

பரமலிங்கம் ஒஸ்ரின் காரின் கூரையில் இரும்பு அறுக்கும் வாளை வைத்த அன்றே இராசமலர் அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சமையல் நிற்கவில்லை, தேத்தண்ணீர் நிற்கவில்லை, கதை மட்டும் நின்றது. சொல்ல வேண்டியதைப் பக்கத்து வளவு வீரையாவிடம் சொல்லுவாள். அவர் இல்லாத நேரம் மாட்டிடம் சொல்லுவாள். “லட்சுமி, சோறு போட்டிருக்கெண்டு அவரிட்டைச் சொல்லு.” மாடு தலையாட்டும். பரமலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு வருவான்.

கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் கார் அவளுடைய தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றத்துக்குச் சட்டி பானையோடு அவர்கள் வந்து இறங்கியதும் அதில்தான். அதைப் பிரித்துப் பாறையில் ஏறுகிற வண்டி செய்யப்போகிறேன் என்று புருஷன் நின்றால் எந்தப் பெண்சாதி பொறுப்பாள்?

ஆனால் அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே, காட்டோரமாக, யானை படுத்திருப்பதுபோலக் கிடக்கிறது பிள்ளையார் கல்லு. கோயில் அதன் உச்சியில். அறுவடை முடிந்ததும் அங்கேதான் பொங்கல். பொங்கல் தண்ணீரைக் குளத்திலிருந்து பெண்கள்தான் இடுப்பில் சுமந்து ஏற்றுவார்கள். போன வருஷம் பாதி வழியில் இராசமலர் வழுக்கிக் குடத்தோடு விழுந்தாள். நெளிந்த குடத்தைத் தட்டி நிமிர்த்தியாயிற்று. கணுக்கால்தான் நிமிரவில்லை. முற்றத்தில் நொண்டி நொண்டி நடக்கலாம், கல்லில் ஏற முடியாது. “இனி எனக்குப் பிள்ளையார் கீழை நிண்டு கும்பிடத்தான்” என்று அவள் கண்கலங்கிய நாளில் பரமலிங்கத்தின் மண்டைக்குள் இந்த வண்டி ஓடத் தொடங்கியது.

“உம்மைத் தண்ணிக்குடத்தோடை மேலை ஏத்திக் காட்டுறன், பாரும்” என்றான்.

“வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டின கதையாய்த்தான் முடியும். முதல் ஏத்துங்கோ. பிறகு கதைக்கிறன்.”

அவள் கடைசியாகக் கதைத்தது அதுதான். வண்டிக்கும் ஓணான் என்றே பெயர் விழுந்துவிட்டது.

மாட்டுக்கொட்டிலை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கியிருந்த பத்திதான் பட்டறை. மின்சாரம் கிடையாது. வீரையா மலைநாட்டுத் தோட்டமொன்றில் லொறி திருத்திக்கொண்டிருந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு இந்த வன்னிக்கு வந்தவர். கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டு, அதிலிருந்து வரும் காஸைக் கொளுத்தி இரும்பை ஒட்டுவார். வளவு முழுக்க உள்ளிப்பூண்டு மணக்கும். பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துக் கூடு செய்தார்கள். ஒஸ்ரினின் என்ஜினும் கியர்ப்பெட்டியும் முன்னால் ஏறின. வவுனியா இரும்புக்கடையில் கிடந்த ஜீப்பொன்றின் அச்சு பின்னால் வந்தது. ஒவ்வொரு மூட்டும் ஒட்டுப்படும்போது பரமலிங்கத்துக்கு நெஞ்சு குதித்தது. சோறு தண்ணீரையே மறந்துபோனான். சொல்லிச் சொல்லி மாடுதான் களைத்தது.

அச்சில் ஒரு சங்கடம். கியர்ப்பெட்டியின் தண்டு வந்து சேருகிற மூக்கு மிகவும் தாழ்ந்திருந்தது. பாறையில் நிச்சயம் இடிக்கும்.

“பொரட்டிப் போட்டா மூக்கு மேல போயிரும் தம்பி” என்றார் வீரையா.

புரட்டினார்கள். மூக்கு மேலே போயிற்று. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலத் துள்ளினார்கள். அச்சைத் தலைகீழாக்கினால் சில்லும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது அந்தச் சந்தோஷத்தில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

பொங்கலன்று காலை அயலட்டை முழுக்க வேலியோரம் கூடிவிட்டது. கற்பூரம் கொளுத்தி, நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார்கள். பரமலிங்கம் முதல் கியரைப் போட்டான். என்ஜின் உறுமிய உறுமலில் அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிளச்சை விட்டான். ஓணான் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்து வைக்கோற்போருக்குள் புகுந்தது. நாலு தேசிக்காயும் வைத்தது வைத்தபடி கிடந்தன. வேலியோரம் சிரிப்பு வெடித்தது.

வீரையா வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “பொரட்டுனோமே தம்பி, அதான்! நாலு கியரும் பின்னுக்குப் போவுது. பின் கியர் ஒண்ணுதான் முன்னுக்குப் போவும்.”

திருப்பிப் பொருத்துவதென்றால் ஒட்டியதையெல்லாம் வெட்ட வேண்டும். பொங்கலோ இன்று. தலை நிறைய வைக்கோலோடு பரமலிங்கம் அப்படியே இருந்தான். காரும் போயிற்று, கதையும் போயிற்று என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குசினியிலிருந்து இராசமலர் குடத்தோடு நொண்டி நொண்டி வந்தாள்.

“வீரையாண்ணை, அவரிட்டை ஒண்டு கேளுங்கோ. நாங்கள் இஞ்சை வந்த அண்டைக்கு, சாமானோடை கார் குளக்கட்டிலை ஏறாமல் நிண்டது. எப்பிடி ஏத்தினவராம்?”

பரமலிங்கம் தலையை நிமிர்த்தினான். அன்று காரைத் திருப்பி நிறுத்தி, பின் கியரில் அல்லவா ஏற்றினான்! அந்தக் கியருக்கு இருந்த இழுவை வேறெந்தக் கியருக்கும் இல்லை. இப்போது அதே கியர், முகம் முன்னால் பார்த்தபடி!

“ஏறுறதுக்கு ஒரு கியர் போதுமெண்டு சொல்லுங்கோ” என்றபடி அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக் குடத்தை மடியில் வைத்தாள்.

பின் கியர் விழுந்தது. தேசிக்காய்கள் நசுங்கின. குளத்தடியில் குடத்தை நிரப்பிக்கொண்டு ஓணான் கல்லடிக்குப் போனது. பின்னால் ஊரே ஓடியது. ஒரு சில்லு கல்லில் தொற்றும், மற்றது அந்தரத்தில் நிற்கும், பிறகு அதுவும் தொற்றும். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை, ஆனால் ஏறியது! சில்லுக்குப் பின்னால் கட்டை வைத்து வைத்து வீரையா வந்தார்.

போன வருஷம் அவள் விழுந்த இடத்தில் ரயர் வழுக்கியது. வண்டி பின்னால் சறுக்கிக் கட்டையில் முட்டி நின்றது. போதும், இறக்கிவிடுவோம் என்று பரமலிங்கம் வாயெடுத்தான்.

“இஞ்சேருங்கோ!” அவள் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். “விடாதேங்கோ! அமத்துங்கோ!”

வேக மிதியை அடிவரை அமத்தினான். ரயர் புகைந்தது, கல்லைக் கவ்வியது, ஓணான் மேலே தாவியது. உச்சியில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் சேலை நனைந்திருந்தது, ஆனால் குடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

“ஏறின பிறகுதானே கதை எண்டனீர்? பாதியிலேயே கதைச்சிட்டீர்” என்றான் பரமலிங்கம்.

அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு கீழே தெரிந்த சரிவைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இறங்கிறதுக்கு நாலு கியர் இருக்குதெல்லே? கொஞ்சம் வேகமாய் விடுங்கோ.”