அரை மிதி

தையல்காரியின் கால் எதையும் முழுசாக மிதிக்காது. மோட்டார் வைத்த மெஷினின் பெடலை ஒரேயடியாக அழுத்தினால் ஊசி விரலில் இறங்கிவிடும். பதினாறு வருஷமாக நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே மிதித்தே பழகியவள். இந்தக் காலை நம்பித்தான் என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

அவர் மெக்கானிக். கூட இருந்து வேலை பார்த்த அவருடைய தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டான். போதாக்குறைக்கு முந்தாநாள் கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது இடது முட்டியில் இடித்துக்கொண்டு கட்டுப் போட்டிருந்தார். மருந்துக்கடைக்காரரின் காருக்குப் புது கிளட்ச் மாட்டியாகிவிட்டது. அதைச் சரியாக அட்ஜஸ்ட் செய்து, ஓட்டிப் பார்த்து, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும்.

"நீ வந்து பெடலை மட்டும் மிதி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். வீட்டுக்குக் கீழேதான் பட்டறை. எனக்கு லைசென்ஸும் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

போன வருஷம் அடுத்த தெருப் பட்டறையில் ஜாக்கி நழுவி ஒருவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி என்னிடம்தான் துணி தைக்கக் கொடுப்பாள். அளவெடுக்கும்போது அவள் தோள் எப்படி இளைத்துப் போயிருந்தது என்று என் கைக்குத் தெரியும். அதிலிருந்து இவர் காருக்கு அடியில் போனாலே நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். "இரும்பு ஸ்டாண்டு போட்டிருக்கேன், யானையே ஏறி நின்னாலும் தாங்கும்" என்பார். யானையைப் பற்றி யார் கேட்டது?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து அவர் கட்டுப் போட்ட கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மிதி."

மிதித்தேன். கார் லேசாக ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது. உடனே காலை இளக்கினேன்.

"முழுசா மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சிருக்கேங்க."

"கேபிள் இழுக்கற நெம்பு போதுமான தூரம் நகரலையே" என்று முணுமுணுத்துக்கொண்டு கேபிளின் நட்டை இறுக்கினார். "விடு. மறுபடி மிதி."

மறுபடி மிதித்தேன். கார் ஆடாத அளவுக்குத்தான். அவர் மறுபடி இறுக்கினார். இப்படியே ஐந்தாறு தடவை நடந்தது. நான் மிதிக்காத மிச்சத்தையெல்லாம் அவர் நட்டில் ஏற்றிக்கொண்டே போனார்.

"கடைசியா ஒண்ணு. பெடலைக் கையால மெதுவா அமுக்கிப் பாரு. மொதல்ல ஒரு விரல் கனத்துக்குச் சும்மா ஆடணும். அந்த இடைவெளி இல்லன்னா, காலை எடுத்தாலும் கிளட்ச் பாதி மிதிச்ச மாதிரியே இருக்கும். ஏத்தத்துல கிளட்ச் பிடிக்காம வழுக்கிடும். இருக்கா?"

"இருக்கு. வெளிய வாங்க மொதல்ல."

நான் குனியக்கூட இல்லை. வழக்கமாக அவரே ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். அன்றைக்கு நொண்டிக்கொண்டு ஏறி இறங்க அலுத்துப்போய் என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார்.

பட்டறையை ஒட்டி ஒரு மேட்டுச் சாலை. புது கிளட்ச் மாட்டினால் அந்த ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அங்கிருந்து கிளப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். கட்டுப் போட்ட காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது. வண்டி என்னவோ போல் உறுமிக்கொண்டுதான் பாதி மேடு ஏறியது. கார் என்றால் உறுமத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பின்னாலேயே நொண்டி வந்து, சக்கரத்துக்குக் கொடுக்கிற மரக்கட்டையோடு காருக்குப் பின்னால் நின்றார்.

"தள்ளி நில்லுங்க."

"கட்டையை யாரு போடறது, உங்கப்பாவா? கிளப்பு."

முதல் கியர் போட்டேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தி, கிளட்சை விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். எஞ்சின் கத்தியது. கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். தீய்ந்த வாடை வந்தது. அப்புறம் முன்னால் இருந்த மின்கம்பம் மெல்ல விலகிப் போவதைப் பார்த்தேன். கார் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் அவர் தெரிந்தார். கட்டையைச் சக்கரத்துக்கு வீசினார். அது உருண்டு ஓரமாகப் போய்விட்டது. விலகப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. "பிரேக்கு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்தேன். பாழாய்ப்போன கால் அதையும் பாதிதான் மிதித்தது. கார் வேகம் குறைந்து, நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் முதலில் அவர் இடுப்பு மறைந்தது. அப்புறம் மார்பு மறைந்தது. இரண்டு காலையும் தூக்கி பிரேக்கின் மேலேயே நின்றேன்.

கார் நின்றது. இறங்கி ஓடினால், பம்பர் அவருடைய கட்டுப் போட்ட முட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் டிக்கியின் மேல் ஊன்றியிருந்தார், காரைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தவர் மாதிரி.

மெதுவாக இறக்கிக் கொண்டுவந்து பட்டறையில் விட்டோம். பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். இடைவெளி துளியும் இல்லை.

"இருக்குன்னு சொன்னியே."

"பாக்கவே இல்லைங்க. பெடலையும் முழுசா மிதிக்கல. நீங்க கீழ இருந்தீங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்பேனரை எடுத்தார். அது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது.

"நீங்க மேல உக்காருங்க. நான் கீழ போறேன்" என்றேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"ஊசியில நூல் கோக்கறவளுக்கு ஒரு நட்டு பிடிக்கத் தெரியாதா? எத்தனை சுத்துன்னு சொல்லுங்க."

மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். மூக்குக்கு ஒரு முழம் மேலே அத்தனை இரும்பு. இத்தனை வருஷமாக இவர் இதன் கீழே படுத்துக்கொண்டு என்னிடம் யானைக் கதை சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கணக்குக்கு நட்டைத் தளர்த்தினேன். மேலே அவர் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்து, "ஒரு விரல் இருக்கு" என்றார். இனி ஒன்றுதான் பாக்கி. பெடலை அடிவரை மிதித்தால், நெம்பு அவர் முன்பே சாக்பீஸால் போட்டுவைத்த கோட்டுக்கு வர வேண்டும்.

"மிதிங்க."

நெம்பு நகர்ந்தது. கோட்டுக்கு அரை விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"முழுசா மிதிச்சீங்களா?"

மேலே டிரைவர் சீட்டு கிறீச்சிட்டது.

"மிதிச்சிருக்கேன்" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

இருபது வருஷ மெக்கானிக். அடிபடாத வலது காலால் மிதிக்கிறார். எத்தனை பேரை அதட்டி மிதிக்க வைத்தவர். அவ்வளவு பயத்திலும் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. தரையில முட்டற வரைக்கும் மிதிங்க" என்றேன்.

கார் ஆடியது. நான் கண்ணை மூடவில்லை. நெம்பு மெதுவாக வந்து கோட்டில் நின்றது.