எலிக்கு வெட்டிய வளை

1

இந்தக் கதை எனக்குக் கியாக்தானில் கிடைத்தது. பர்கத்துல்லா பாய் தன் வயலில் எலி யந்திரம் பூட்டப்போவதாகச் சொல்லி, வந்து பார் என்றார். நகரத்து லான்மடாவிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கூப்பிட்டவர் சோறு போடவில்லை. ஆகவே அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

(வேலையாட்கள் பர்மிய வழக்கப்படி மரியாதையாக ஊ பர்கத் என்பார்கள். எனக்குப் பாய் போதும்.)

2

முதல் தொடக்கம்: அறுவடை முடிந்த வயலின் மேல் பொன்னிறக் கதிரவன் தன்

வேண்டாம். கதிரவன் எலி பிடிக்க மாட்டான்.

இரண்டாம் தொடக்கம்: யந்திரத்தை டிராக்டருக்குப் பின்னால் மாட்ட வேண்டும். அடியில் கூர்முனை வைத்த இரும்பு உருளை. அது மண்ணுக்குள்ளேயே ஓடி, எலி வளை மாதிரி ஒரு வளை போட்டுக்கொண்டு போகும். மேலே தொட்டியில் எலி மருந்து தடவிய நெல். அது சிறுகச் சிறுக வளைக்குள் விழும். பின்னால் வரும் சக்கரம் மண்ணை மூடி அமுக்கும். எலி தோண்டிக்கொண்டு வரும், வளை தட்டுப்படும், உள்ளே போகும். யார் வெட்டியது என்று விசாரிக்காது.

(விசாரிக்காத பிராணியை எனக்குப் புரிவதில்லை.)

இதுவே இருக்கட்டும்.

3

பாய் கம்பியை அங்கங்கே குத்தி, நிஜ வளை எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். அந்த ஆழத்துக்கு உருளையை இறக்கி நட்டை முறுக்கினார். மண்ணைக் கையில் பிடித்தார். உருண்டையாக நின்றது. காய்ந்தால் வளை இடிந்துவிடுமாம். ஈரம் இருக்கும்போதே, அறுப்பு முடிந்த கையோடு ஓட்ட வேண்டுமாம்.

அறுப்பு முடிந்த கையோடுதான் அந்தப் பக்கத்து ஏழைகளும் மண்வெட்டியோடு வருவார்கள். எலி சேர்த்து வைத்த நெல் வளையில் இருக்கும். வயல் யாருடையதானாலும் வளை நெல் தோண்டியவருக்கு. அது வழக்கம்.

வரப்பில் ஒருத்தி மண்வெட்டியோடு நின்றாள்.

4

அவளுக்குக் கனகாம்பாள் என்று நான் பேர் வைத்தேன். மகள் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கொடுத்தேன். (கொடுத்திருக்கக் கூடாது. இப்போது அதுகளுக்கும் கஞ்சி வேண்டும்.) பிறகு பேச விட்டேன்.

"ஏம்மா கனகம், இந்த வருசம் இங்க தோண்டாத. மருந்து வைக்கப் போறேன்," என்றார் பாய்.

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க பாய்."

"அது சும்மா சொன்னது."

"தெரியும். அந்த நெல்லத்தான் குத்திக் கஞ்சி வச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"இந்தத் தடவ நெசம்மா."

"அதுக்கு முந்தின வருசமும் நெசம்னுதான் சொன்னீங்க."

"தொட்டியில பாரு. நெல்லு செவப்பா இருக்கு."

"சாயம் போட்டா செவப்பாத்தான் இருக்கும். கழுவுனா போயிடும்."

"அல்லா மேல சத்தியம்."

"அவர எதுக்கு வெயில்ல நிக்க வைக்கிறீங்க. தோண்டாதன்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு வருசா வருசம் ஒரு மருந்து கெடைக்குது."

இங்கே பாய் தலையைச் சொறிந்தார். நானும்.

5

முடிவு ஒன்று: பாய் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டு மென்று காட்டுகிறார். கனகாம்பாள் நம்பிவிடுகிறாள். பாய் வரப்பில் சாய்ந்து

இந்த வரியை அடித்துவிட்டேன். சோறு போடாத குற்றத்துக்கு இது அதிகம்.

முடிவு இரண்டு: யந்திரத்தில் ஒரு நட்டு உடைகிறது. கதை தப்பித்தது. ஆனால் நட்டு லான்மடாவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். மறுநாள் வாங்கி வந்துவிடுவார்.

முடிவு மூன்று: சாயங்காலம் கனகாம்பாள் அந்த நெல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, குத்தி, உலையில் போட, பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு

இல்லை.

6

இப்போதைய நிலவரம் இதுதான். தொட்டி நிறைய நெல். டிராக்டரில் பாய், சாவியில் கை. ஓட்டாவிட்டால் அடுத்த விளைச்சலில் பாதி எலிக்கு. அவர் அதில் பொய் சொல்லவில்லை. ஓட்டினால் அவர் போனதும் அவள் தோண்டுவாள். மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். நான் எழுதினால்தான் சாவி திரும்பும். எழுத மாட்டேன்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வரப்பில் இறங்கிப் போய், இந்தத் தடவை நிஜ மருந்து என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "நீங்க கதை எழுதுறவருதானே," என்றாள்.