குப்பை நிலையத்தில் ஒரு குழாய்

கிருபாராணிக்கு ஆறு வருஷமாகக் கார் நிறுத்தக் கோடு போடுவதுதான் வேலை. மெட்ராஸில் ஆர்க்கிடெக்சர் படித்து, நியூ ஜெர்சிக்கு வந்து லைசென்ஸ் பரீட்சையிலும் தேறியவளுக்கு ஆபீஸில் கிடைத்ததெல்லாம் பார்க்கிங் லாட்டும் கக்கூஸும்தான். அலுத்துக்கொள்ளவும் மாட்டாள், சண்டை போடவும் மாட்டாள். அந்தப் பொறுமையைப் பார்த்து அவள் கணவன் தேவதாஸுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தேழில் மாநிலம் சட்டம் போட்டது. பேப்பர், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் இனிமேல் பிரித்துத்தான் போடவேண்டும். ஊருக்கு ஊர் ரீசைக்ளிங் நிலையம் கட்டும் அவசரம். அடுத்த வருஷம் பக்கத்து டவுன்ஷிப் ஒன்றிலிருந்து அந்த வேலை வந்தபோது, குப்பைக் கொட்டகைதானே என்று ஆபீஸில் எல்லாரும் மூக்கைச் சுளித்தார்கள். முதலாளி ஹாலொரன் அதை இவள் தலையில் கட்டினார். இவளுக்கோ கால் தரையில் பாவவில்லை.

இடித்த தொழிற்சாலை ஒன்றின் பழைய செங்கல்லில் சுவர் எழுப்பினாள். படத்தில்தான். ஜனங்கள் படி ஏறாமல் நின்ற இடத்திலிருந்தே பாட்டிலைப் போடட்டும் என்று தொட்டிகளைப் பள்ளத்தில் இறக்கினாள். தெற்கு பார்த்து ஒரு கறுப்புச் சுவர், அதன் முன்னால் கண்ணாடி. குளிர்காலத்து வெயில் அதைச் சுடவைக்கும்; காவலாளியின் அறைக்கு ஹீட்டரே வேண்டாம். கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பெரிய பீப்பாய். பீப்பாயிலிருந்து வாசலுக்கு ஒரு குழாய்.

ஹாலொரனுக்குக் குழாயைத் தவிர எல்லாம் பிடித்தது.

"குப்பை போட வருகிறவனுக்குக் குழாய் எதற்கு? ஜனவரியில் உறைந்து வெடிக்கும். அழித்துவிடு" என்றார்.

டவுன்ஷிப் கமிட்டியில் பாதிப் பேருக்கு ரெடிமேட் தகரக் கொட்டகையே போதும் என்ற எண்ணம். அவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் கட்டடம் போச்சு. இவள் மறுபடி கோடு போடப் போகவேண்டியதுதான்.

வீட்டில் தேவதாஸிடம் புலம்பினாள். "குப்பையத் தொட்டுட்டு கை கழுவாம எப்படிங்க கார்ல ஏறுவாங்க?"

"இங்க யாரு கழுவுறா? பேன்ட்ல தொடச்சிட்டு டிரைவ் பண்ணிட்டுப் போயிடுவான். பாஸ் சொன்னா எரேஸ் பண்ணிடு ராணி. இந்த ஒரு பில்டிங்காவது உன் பேர்ல வரட்டும்."

அழித்தாள். மனசில்லாமல் அழித்ததாலோ என்னவோ, தரைப்படத்தில் அழித்தவள் குறுக்குவெட்டுப் படத்தில் அப்படியே விட்டுவிட்டாள்.

கமிட்டிக் கூட்டத்தில் கோவல்ஸ்கி என்ற அம்மாள், தகரக் கொட்டகைக் கட்சிக்காரர், படங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இதில் குழாய் இருக்கிறது. அதில் இல்லை. எது சரி?"

ஹாலொரனின் முகம் சிவந்தது. கிருபாராணி எழுந்து நின்றாள். படத்தில் ஒரு பிழை, மன்னியுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"குழாய் இருக்கிற படம்தான் சரி. குப்பையைத் தொட்ட கையோடு எங்கள் வீட்டில் எதையும் தொடமாட்டோம். குழாய் அந்தக் கறுப்புச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. கடுங்குளிர் வந்தால் தண்ணீரை வடித்துவிடலாம்" என்றாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோவல்ஸ்கி அம்மாள் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமைதோறும் என் புருஷனுடைய பியர் பாட்டில்களை நான்தான் ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போடுகிறேன். ஸ்டியரிங்கில் ஒட்டிய நாற்றம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வரைக்கும் கூடவே வருகிறது. இங்கே ஒரு ஆம்பிளைக்காவது இது தோன்றியதா?"

கூடமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு இவள் பக்கம். மூன்றுக்கு இரண்டு என்று கட்டடம் தேறியது.

மறு வருஷம் மே மாதத்தில் நிலையம் திறந்தார்கள். அடுத்த சனிக்கிழமை கிருபாராணியும் தேவதாஸும் பழைய பேப்பர்க் கட்டோடு போனபோது குழாயடியில் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற தொப்பிக்காரர் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசா? குழாயைக் கையால் தொடவேண்டாம். கீழே ஒரு பலகை இருக்கிறது பாருங்கள், அதைக் காலால் அமுக்கவேண்டும். யாரோ நன்றாக யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்."

தேவதாஸ் வாயைத் திறந்தான். அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"அப்படியா? எங்கே, காட்டுங்கள்."

அவர் பொறுமையாகக் காட்டினார். அவள் குனிந்து, முதல் தடவை பார்க்கிறவளாகக் கேட்டுக்கொண்டாள். தன் முறை வந்ததும் பலகையை மிதித்தாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கையோடு முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டாள்.